நள்ளிரவில் வேலைக்கு மனு... 55 நிமிஷத்தில் ‘ரிஜெக்ட்’! எச்.ஆர். ஆபீசுக்குள் புகுந்த ஏ.ஐ.: தப்பு நடந்தால் பதில் சொல்வது யார்?

கோவை,

நள்ளிரவு 12.55 மணி. அமெரிக்காவில் ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டு மனு போட்டார். 1.50 மணிக்கே பதில் வந்து விட்டது. ‘உங்களைத் தேர்வு செய்யவில்லை’ என்பதுதான் பதில். 55 நிமிஷத்தில் கதை முடிந்தது.

ராத்திரி ஒன்றே முக்கால் மணிக்கு எந்த மேனேஜர் ஆபீசில் உட்கார்ந்து மனு படிப்பார்? படித்தது மனுஷனா, மிஷினா? இந்தக் கேள்வி இப்போது அமெரிக்காவில் கோர்ட்டு படி ஏறி இருக்கிறது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

100 இடம்... 100 ‘இல்லை’

மனு போட்டவர் 40 வயதைத் தாண்டியவர். கருப்பினத்தவர். 2017-ம் ஆண்டில் இருந்து 100-க்கும் மேற்பட்ட வேலைகளுக்கு மனு போட்டதாகவும், எல்லா இடத்திலும் கதவைச் சாத்தி விட்டதாகவும் அவர் சொல்கிறார். கம்பெனிகள் வேறு வேறு. ஆனால் மனுக்களை வாங்கி வடிகட்டும் சாப்ட்வேர் மட்டும் ஒன்றே. அதன் பெயர் ‘வொர்க்டே’. வயது, நிறம், உடல்நிலை இவற்றை வைத்து சாப்ட்வேர் தன்னைக் கழித்துக் கட்டி விட்டதாக 2023-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் கலிபோர்னியா கோர்ட்டில் அவர் வழக்கு போட்டார்.

2025-ம் ஆண்டு மே மாதம் நீதிபதி ரீட்டா லின் ஒரு முக்கிய உத்தரவு போட்டார். இதே மாதிரி பாதிக்கப்பட்டதாக நினைக்கும் 40 வயதுக்கு மேற்பட்ட மற்றவர்களும் வழக்கில் சேர அந்த உத்தரவு வழி திறந்து விட்டது.

குற்றச்சாட்டை வொர்க்டே நிறுவனம் மறுக்கிறது. ஆளை எடுப்பதும் விடுவதும் அந்தந்த கம்பெனிகளின் முடிவு, எங்கள் சாப்ட்வேர் முடிவு எடுப்பதில்லை என்பது அதன் வாதம். ஆனால் இந்த வழக்கு சம்பந்தப்பட்ட காலத்தில் தன் சாப்ட்வேர் வழியாக நிராகரிக்கப்பட்ட மனுக்கள் 110 கோடி என்று கோர்ட்டில் கணக்கு சொன்னதும் அதே நிறுவனம்தான்.

ஆக, சாப்ட்வேர் கம்பெனி வேலை கொடுக்கும் கம்பெனியைக் கை காட்டுகிறது. அங்கே போய்க் கேட்டால், மனுவைப் பார்த்தது யார் என்றே தெரியவில்லை. நடுவில் மாட்டிக் கொண்டு முழிப்பது வேலை தேடுகிற ஆள்.

டைம் ஆபீஸ் ஞாபகம் இருக்கா?

அமெரிக்காக்காரன் கதை நமக்கு எதுக்கு என்று நினைக்கலாம். ஆனால் எச்.ஆர். என்பது நமக்கு புதுசு இல்லை. கோவை பக்கம் மில் வேலைக்குப் போனவர்களுக்கு அது ‘டைம் ஆபீஸ்’. கேட்டில் ‘ஆட்கள் தேவை’ போர்டு மாட்டுவது, வந்தவனிடம் ஊர் பேர் விசாரிப்பது, வேலைக்குச் சேர்ப்பது, லீவு எழுதுவது, பி.எப்., இ.எஸ்.ஐ. பார்ப்பது, தப்பு செய்தால் மெமோ கொடுப்பது, கடைசியில் கணக்கு முடித்து அனுப்புவது. இத்தனையும் சேர்ந்ததுதான் எச்.ஆர். வேலை.

இந்த வேலையில் முக்கால்வாசி என்ன? எழுதுவது, படிப்பது, கேட்ட கேள்விக்கு பதில் சொல்வது. 2022-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி ‘சாட்ஜிபிடி’ வெளியானதில் இருந்து பிரபலமான புது ரக ஏ.ஐ.க்கு கைவந்த கலையும் இதுதான்.

அதுக்கு முன்னாடி இருந்த ஏ.ஐ. வடிகட்டும், மார்க் போடும். புது ரகம் தானாகவே எழுதும், பேசும். ஒரு வார்த்தைக்கு அப்புறம் எந்த வார்த்தை வரும் என்று, கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்த பழக்கத்தில் கணக்குப் போட்டு எழுதும். அதனால் வேலை விளம்பரம், ஆர்டர் லெட்டர், மெமோ எல்லாம் ஒரு நிமிஷத்தில் ரெடி. ஆனால் ஒரு சிக்கல். தெரியாத விஷயத்தையும் தெரிந்த மாதிரியே எழுதி வைத்து விடும். படிக்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது.

குன்னூரில் படித்தவர் எடுத்த முடிவு

இந்த மாற்றம் பெரிய அளவில் நடந்த கம்பெனி ஐ.பி.எம். அதன் தலைவர் அரவிந்த் கிருஷ்ணா நமக்கு ரொம்ப தூரத்து ஆள் இல்லை. பள்ளிக்கூட வயதில் குன்னூர் ஸ்டேன்ஸ் பள்ளியில் படித்தவர்.

2023-ம் ஆண்டு மே மாதம் அவர் ஒரு அறிவிப்பு செய்தார். எச்.ஆர். மாதிரி, வாடிக்கையாளரை நேரில் பார்க்காத உள்வேலைகளில் ஐ.பி.எம்.மில் சுமார் 26 ஆயிரம் பேர் இருந்தார்கள். அதில் 30 சதவீத வேலையை 5 வருஷத்தில் ஏ.ஐ.யும் தானியங்கி முறையும் பிடித்துக் கொள்ளும் என்றார். கணக்கு போட்டால் 7 ஆயிரத்து 800 வேலை. அந்த மாதிரி இடங்களுக்கு புது ஆள் எடுப்பதை நிறுத்தி வைக்கப் போவதாகவும் சொன்னார்.

2 வருஷம் கழித்து 2025 மே மாதம், எச்.ஆர். பிரிவில் சில நூறு பேர் செய்த வேலையை ஏ.ஐ. ஏற்றுக்கொண்டு விட்டது என்று அவரே சொன்னார். அதே நேரம் கம்பெனியின் மொத்த ஆள் கணக்கு குறையவில்லை, புரோகிராம் எழுதுவது, விற்பனை மாதிரி இடங்களில் கூடியிருக்கிறது என்றும் சொன்னார்.

ஐ.பி.எம்.மில் அந்த வேலையைச் செய்வது ‘ஆஸ்க் எச்.ஆர்.’ என்ற ஏ.ஐ. லீவு, சம்பள சீட்டு, சர்ட்டிபிகேட் என்று 80-க்கும் மேற்பட்ட வேலைகளை அது பார்க்கிறது. ஊழியர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளில் 94 சதவீதத்தை அதுவே முடித்து விடுகிறது என்று கம்பெனி சொல்கிறது. அதாவது 100 பேர் வந்தால் 94 பேருக்கு மனுஷன் முகமே பார்க்காமல் வேலை முடிகிறது.

இதில் நல்லதும் இருக்கிறது. சம்பள சீட்டுக்கு 3 நாள் அலைய வேண்டாம். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவன் அதிகாலை 3 மணிக்குக் கூட தன் லீவு கணக்கைப் பார்த்துக் கொள்ளலாம். கிளார்க்கின் மூஞ்சியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இதை இல்லை என்று சொல்ல முடியாது.

மிச்சம் 6 பேர் யார்?

ஆனால் பிரச்சினை மிச்சம் இருக்கும் 6 பேரிடம் இருக்கிறது. அந்த 6 பேர் பெரும்பாலும் சிக்கல் உள்ளவர்கள்.

நம்ம ஊர் உதாரணம் சொன்னால் சட்டென்று புரியும். ஆதார் அட்டையில் பெயருக்குப் பின்னால் இனிஷியல். பி.எப்.பில் பெயருக்கு முன்னால் இனிஷியல். பள்ளி சர்ட்டிபிகேட்டில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் ஒரே ஆள்தான் என்பது பழைய டைம் ஆபீஸ் கிளார்க்குக்கு பார்த்த உடனே தெரியும். ‘முதல் பெயர், கடைசி பெயர்’ என்று கட்டம் கட்டிக் கேட்கும் மிஷினுக்கு மூன்று பேர் மாதிரி தெரியலாம். கடைசி பெயர் என்று ஒன்று நம்ம ஆட்களில் நிறைய பேருக்குக் கிடையவே கிடையாது.

இன்னொன்று. பிரசவத்துக்காக 2 வருஷம் வீட்டில் இருந்த பெண். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் வேலையை விட்ட பையன். ‘ஏன் இந்த 2 வருஷம் வேலை பார்க்கலை?’ என்று மனுஷன் கேட்டால் காரணம் சொல்லலாம். அவனும் ‘சரி, வா’ என்று சொல்ல வாய்ப்பு உண்டு. மனுவில் இடைவெளி இருந்தாலே தள்ளி விடும்படி செட் செய்த சாப்ட்வேரிடம் காரணம் சொல்ல வழியே இல்லை.

94 பேருக்கு வேகம். 6 பேருக்கு சுவர். அந்த 6 பேருக்கு ஒரு மனுஷனை உட்கார வைக்கிற கம்பெனி உண்டு. அந்த நாற்காலியையும் தூக்கி விட்டு செலவை மிச்சம் பிடிக்கும் கம்பெனியும் வரும். அங்கேதான் ஆபத்து.

மிஷின் தப்பாகச் சொன்னால்?

லீவு இருக்கா என்று கேட்கிறீர்கள். ‘இருக்கு, போய்ட்டு வாங்க’ என்று ஏ.ஐ. சொல்கிறது. போய் விட்டு வந்தால் சம்பளத்தில் பிடித்தம். யாரிடம் போய் சண்டை போடுவது?

இதுக்குப் பக்கத்தில் வரும் ஒரு தீர்ப்பு கனடாவில் 2024 பிப்ரவரியில் வந்தது. எச்.ஆர். விஷயம் இல்லை, விமான டிக்கெட் விஷயம். பாட்டி இறந்து போன துக்கத்தில் ஊருக்குப் போக வேண்டிய ஒருவர், ‘ஏர் கனடா’ இணையதளத்தில் இருந்த பதில் சொல்லும் மிஷினிடம் துக்க வீட்டுச் சலுகை பற்றிக் கேட்டார். முதலில் டிக்கெட் எடுங்கள், அப்புறம் சலுகைக்கு மனு போடலாம் என்று மிஷின் சொன்னது. அது தப்பான தகவல். பயணம் முடிந்து கேட்டால் கம்பெனி கையை விரித்தது. மிஷின் தனி ஆள் மாதிரி, அது சொன்னதுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிற ரீதியில் வாதம் செய்தது.

தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. இணையதளம் உன்னுடையது, அதில் உள்ள மிஷின் சொன்னதுக்கும் நீதான் பொறுப்பு என்று சொல்லி நஷ்ட ஈடு கொடுக்க உத்தரவு போட்டது. தொகை 1000 கனடா டாலருக்குள்தான். ஆனால் விஷயம் பெரிசு. மிஷினை முன்னால் நிறுத்தி விட்டு முதலாளி பின்னால் ஒளிய முடியாது என்பதுதான் அதில் உள்ள சேதி.

பெயரைப் பார்த்து மார்க்!

மிஷினுக்கு சாதி, மதம், ஆண், பெண் பேதம் கிடையாதே, மனுஷனை விட அது நியாயமாக இருக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. நடந்தது வேறு.

அமேசான் கம்பெனி 2014-ம் ஆண்டு முதல் மனுக்களுக்கு மார்க் போடும் ஒரு ஏ.ஐ.யைத் தயாரித்துப் பார்த்தது. 10 வருஷத்து பழைய மனுக்களைக் கொடுத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் பெரும்பாலும் ஆண்கள் மனு. ஆண்தான் நல்ல ஆள் என்று மிஷின் கற்றுக் கொண்டது. ‘பெண்கள்’ என்ற வார்த்தை வரும் மனுக்களுக்கு மார்க்கைக் குறைத்தது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2018-ல்தான் விஷயம் வெளியே வந்தது. ஆள் எடுக்க அதை நம்பி முடிவு எடுக்கவில்லை என்று அமேசான் சொன்னது.

புது ரக ஏ.ஐ. திருந்தி விட்டதா? 2024 மார்ச் மாதம் ‘புளூம்பெர்க்’ செய்தி நிறுவனம் சோதனை செய்தது. சாட்ஜிபிடிக்கு அப்போது அடிப்படையாக இருந்த ‘ஜிபிடி 3.5’-யிடம், தகுதி எல்லாம் சமமாக உள்ள மனுக்களைக் கொடுத்து பெயரை மட்டும் மாற்றி வரிசைப்படுத்தச் சொன்னது. கருப்பினத்தவர் வைக்கும் பெயர்கள் இருந்த மனுக்கள் சில வேலைகளுக்கு அடிக்கடி பின்னால் தள்ளப்பட்டன.

மனுஷனும் பேதம் பார்க்கிறான், உண்மை. ஆனால் ஒரு மேனேஜர் பேதம் பார்த்தால் ஒரு ஆபீசில் போகும். ஒரே சாப்ட்வேரை ஆயிரம் கம்பெனி வாங்கினால் அதே பேதம் ஆயிரம் கேட்டிலும் நிற்கும். ஒரு மில்லில் இல்லை என்றால் அடுத்த மில்லுக்குப் போகலாம் என்ற வழியே அடைபட்டுப் போகும்.

பிறந்த தேதியை மாற்றினார்... மாட்டிக்கொண்டது கம்பெனி

இப்படிப்பட்ட தில்லுமுல்லு எப்படி வெளியே வருகிறது? ஒரு சம்பவம். சீன மாணவர்களுக்கு ஆன்லைனில் இங்கிலீஷ் சொல்லித்தர அமெரிக்காவில் ஆள் எடுத்த ‘ஐடியூட்டர் குரூப்’ நிறுவனத்தின் சாப்ட்வேர், 55 வயது தாண்டிய பெண்களையும் 60 வயது தாண்டிய ஆண்களையும் தானாகவே தள்ளி விட்டது என்பது புகார். இது புது ரக ஏ.ஐ. கூட இல்லை. வயது வரம்பு வைத்த சாதாரண வடிகட்டி.

ஒருவர் மனு போட்டார். ரிஜெக்ட் ஆனது. அதே மனுவில் பிறந்த தேதியை மட்டும் மாற்றி, வயதைக் குறைத்து மறுபடி போட்டார். இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது! அமெரிக்க சமவாய்ப்பு கமிஷன் வழக்கு போட்டது. 2023 ஆகஸ்டில் 3 லட்சத்து 65 ஆயிரம் டாலர், அதாவது சுமார் 3 கோடி ரூபாய் கொடுக்க நிறுவனம் ஒத்துக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்கள் 200 பேருக்கு மேல்.

எழுதுவதும் மிஷின்... படிப்பதும் மிஷின்!

இந்தப் பக்கம் வேலை தேடுகிறவர்களும் சும்மா இல்லை. ‘எனக்கு ஒரு பயோடேட்டா எழுதிக் கொடு’ என்று செல்போனில் கேட்டால் பளபளவென்று வந்து விடுகிறது. 2025-ம் ஆண்டு கணக்குப்படி ‘லிங்க்ட்இன்’ தளத்தில் நிமிஷத்துக்கு சராசரியாக 11 ஆயிரம் மனுக்கள் குவிந்தன. அதுக்கு முந்தைய வருஷத்தை விட 45 சதவீதம் அதிகம். அத்தனையையும் மனுஷன் படிக்க முடியாது என்று கம்பெனிகள் மிஷினிடம் கொடுக்கின்றன. ஆள் தேடும் வேலைக்கு என்றே அந்தத் தளம் 2024 அக்டோபரில் ஒரு ஏ.ஐ. உதவியாளரையும் விட்டிருக்கிறது.

முடிவு? மிஷின் எழுதியதை மிஷின் படிக்கிறது. சொந்தமாக, தப்பும் தவறுமாக எழுதிய நல்ல வெல்டரின் மனு அடியில் போய் விடும் அபாயம் இருக்கிறது.

மோசடிக்காரர்களும் புகுந்து விட்டார்கள். இன்டர்வியூவில் போலி முகம், போலி குரல் வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று அமெரிக்க எப்.பி.ஐ. போலீஸ் 2022 ஜூன் மாதமே எச்சரித்தது. நம்ம பக்கம் போலி வேலை ஆர்டர் ரொம்ப காலமாக இருக்கிறது. முன்னாடி எழுத்துப் பிழையை வைத்தே கண்டுபிடிக்கலாம். இப்போது ஏ.ஐ. பிழை இல்லாமல் எழுதிக் கொடுத்து விடுகிறது.

பாஸ்வேர்டு 123456

மனுவில் நாம் கொடுக்கும் போன் நம்பர், விலாசம் எங்கே போகிறது? அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளில் வேலைக்கு மனு போட்டால் ‘ஒலிவியா’ என்ற பேசும் மிஷின் கேள்வி கேட்கும். அதைச் செய்தது ‘பாரடாக்ஸ்’ என்ற கம்பெனி. 2025 ஜூன் மாதம் 2 பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் அதை நோண்டிப் பார்த்தார்கள். ஒரு பழைய டெஸ்ட் கணக்கின் பெயரும் பாஸ்வேர்டும் ‘123456’! உள்ளே போனால் 6 கோடியே 40 லட்சம் மனுக்களின் விவரம் வரை எட்டும் நிலை இருந்ததாக அவர்கள் சொன்னார்கள். தகவல் கிடைத்த அன்றே ஓட்டை அடைக்கப்பட்டது. ஆராய்ச்சியாளர்கள் சில பதிவுகளை மட்டும்தான் பார்த்தார்கள், வேறு யாரும் எடுக்கவில்லை என்று கம்பெனி சொன்னது.

சட்டம் என்ன சொல்கிறது?

நியூயார்க் நகரில் 2023 ஜூலை 5-ந் தேதி முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. ஆள் எடுக்க இப்படிப்பட்ட சாப்ட்வேர் பயன்படுத்தினால் அது பேதம் பார்க்கிறதா என்று வருஷா வருஷம் வெளி ஆளை வைத்துச் சோதிக்க வேண்டும். மனு போடுபவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஐரோப்பிய யூனியன் சட்டம், ஆள் எடுக்கும் ஏ.ஐ.யை ‘அதிக ஆபத்து’ பட்டியலில் வைத்திருக்கிறது. வேலை இடத்தில் முகத்தைப் பார்த்து கோபமா, சோகமா என்று ஏ.ஐ. கணிப்பதற்கு அங்கே 2025 பிப்ரவரி 2-ந் தேதி முதல், மருத்துவ, பாதுகாப்பு காரணம் தவிர, தடை.

இந்தியாவில் 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி படிப்படியாக அமலுக்கு வருகின்றன. 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். ஆனால் உன் மனுவை ஏ.ஐ. படித்தது என்று சொல்லியாக வேண்டும், மனுஷன் மறுபடி பார்க்க வேண்டும் என்று நியூயார்க், ஐரோப்பா மாதிரி தனிச் சட்டம் இங்கே இல்லை. வேலையில் இருப்பவனை நீக்கினால் யூனியன், தொழிலாளர் துறை என்று போக இடம் உண்டு. வேலையே கிடைக்காமல் கேட்டுக்கு வெளியே நிற்பவனுக்கு அந்த இடமும் இல்லை.

நாம என்ன செய்யணும்?

* ஆதார், பி.எப்., பாங்க் பாஸ்புக், சர்ட்டிபிகேட் எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கட்டும். இல்லை என்றால் இப்பவே திருத்துங்க.

* விளம்பரத்தில் வேலைக்கு என்ன பெயர் போட்டிருக்கிறதோ அதே வார்த்தையை மனுவிலும் எழுதுங்க. உங்களுக்குத் தெரிந்த மிஷின், பார்த்த வருஷம், மாசம் எல்லாம் தெளிவாக எழுதுங்க. ஏ.ஐ.யை வைத்து எழுதினாலும் தெரியாத வேலையைத் தெரியும் என்று போட விடாதீங்க. இன்டர்வியூவில் மாட்டிக்குவீங்க.

* நடுவில் வேலை பார்க்காத வருஷம் இருந்தால் காரணத்தை ஒரு வரியில் எழுதி விடுங்க.

* லீவு, சம்பளம் பற்றி கம்பெனி ஏ.ஐ. சொன்ன பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க. நாளைக்கு அதுதான் சாட்சி.

* வேலைக்கு முன்பணம், ஓ.டி.பி. கேட்டால் ஏமாற்று. உடனே 1930 என்ற சைபர் கிரைம் நம்பருக்கு போன் போடுங்க.

இதெல்லாம் தொழிலாளி செய்ய வேண்டியது. கம்பெனியும் யூனியனும் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. சம்பள ஒப்பந்தம் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசலாம். ஏ.ஐ. லெட்டர் அடிக்கட்டும், லீவு கணக்கு சொல்லட்டும். ஆனால் ஒருவனை வேண்டாம் என்று சொல்லும் லெட்டரிலும், மெமோவிலும், டிஸ்மிஸ் ஆர்டரிலும் அதைப் படித்துப் பார்த்த ஒரு ஆபீசரின் பெயர், பதவி, போன் நம்பர் இருக்க வேண்டும். போன் போட்டால் அவர் எடுக்க வேண்டும்.

பழைய டைம் ஆபீசில் திட்டு வாங்கினாலும், திட்டியவர் பெயர் நமக்குத் தெரியும். மறுநாள் போய் காரணம் கேட்கலாம். புது ஆபீசிலும் அந்த ஒரு ஜன்னல் திறந்து இருக்கணும்.